கேட்பவர் பெயர் சொல்லாத முறையீடு

துன்பத்தைப் பாடுவது வழிபாட்டின் ஒரு கூறா, அல்லது வழிபாட்டில் ஆறுதல் பெறாதவர் அதற்கு வெளியே தேடிக்கொண்ட புகலிடமா என்னும் வினாவுக்குச் சமயங்கள் ஒரே விடையைத் தரவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்ற ப்ளூஸ் என்னும் பாடல் வகை இவ்வினாவைத் தேவாலய வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. அவ்விசையைத் தொழிலாகவும் விருப்பமாகவும் கொண்ட கலைஞர்களுக்கு, குறிப்பாக அதன் அடித்தளத்தைத் தாங்கும் பேஸ் கித்தார்க் கலைஞர்களுக்கு, அது இன்றும் தீராத வினா. தமிழ் மண்ணில் வைத்து அதை ஆராய ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி எதிர்பாராத அளவுக்குப் பொருத்தமானது: ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ராக், ப்ளூஸ் குழுக்களுக்கு நெடுங்காலமாக மேடை தந்துவரும் பெங்களூர் இருக்கிறது; மாவட்டத்தின் ஊர்ப்புறங்களிலோ திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது.

ப்ளூஸின் பரவலான வடிவம் 12 ‘பார்’களால் ஆனது. பார் என்பது பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்ட தாளக்கூறு. பன்னிரண்டு பார்கள் சேர்ந்தால் ஒரு சுற்று முடியும். ஒருசேர ஒலிக்கும் சுரத்தொகுதிக்குக் ‘கார்டு’ என்று பெயர். ச, ம, ப ஆகிய மூன்று சுரங்களின்மேல் எழும் மூன்று கார்டுகளே ஒரு சுற்றுக்குப் போதும். பாடகர் தம் குறையை ஒரு வரியில் சொல்வார்; அதையே மறுமுறையும் சொல்வார்; மூன்றாம் வரியில் அதற்கு ஒரு முடிவோ எள்ளலோ வந்து சேரும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார்கள் உண்டெனினும் குரல் அவற்றில் ஏறக்குறையப் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்ள, எஞ்சியதைக் கித்தாரோ மௌத் ஆர்கனோ நிரப்பும். சமய நோக்கில் கவனிக்கத்தக்கது இந்த எஞ்சிய இடம்தான். போதகர் ஒரு வரி சொல்ல, சபை மறுமொழி கூறும் தேவாலய வழக்கம் இதன் மூலங்களுள் ஒன்று. ப்ளூஸில் சபை கலைந்துவிட்டது, மறுமொழிக்கான இடம் மட்டும் அப்படியே காக்கப்பட்டு, அதில் ஒரு கருவி அமர்த்தப்பட்டிருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பினத் திருச்சபையினர் பலர் ப்ளூஸைச் சாத்தானின் இசை என்று ஒதுக்கினர். மதுக்கூடத்திலும் நடன விடுதியிலும் அது ஒலித்தது என்பது வெளிப்படையான காரணம். துன்பத்தைச் சொல்லிய பின் மீட்பைச் சொல்ல அது மறுத்தது என்பது ஆழமான காரணமாகலாம். ஆயினும் இந்த எல்லைக்கோடு கலைஞர்களின் வாழ்க்கையில் நிலைத்து நிற்கவில்லை. மிசிசிப்பியின் சன் ஹவுஸ் போதகராக இருந்து ப்ளூஸ் பாடகரானார். எதிர்த்திசையில், ஜார்ஜியா டாம் என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்துப் புகழ்பெற்ற தாமஸ் டார்சி, 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேர இழந்த துயரில் ஆண்டவரின் கையைப் பற்ற நாடும் பாடல் ஒன்றை இயற்றினார். காஸ்பல் எனப்படும் நற்செய்தி இசையின் தந்தை என்று பின்னர் போற்றப்பட்டார். அவருடைய பக்திப் பாடல்களில் ப்ளூஸின் நெளிவுகள் மிச்சமிருந்ததால் தொடக்கத்தில் பல சபைகள் அவற்றையும் ஏற்கவில்லை. இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1972இல் வெளியிட்ட நூலில் ப்ளூஸை உலகியல் சார்ந்த ஆன்மிகப் பாடல் என்று வகுத்தார். அவ்வாதம் கவர்ச்சியானது, ஆனால் அதில் சிறிது அவசரமும் உண்டு: ஒதுக்கப்பட்ட ஒன்றை மீண்டும் சமயத்துக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆர்வத்தில், அது வெளியே நின்று சொன்னது என்ன என்பது மங்கிவிடுகிறது.

கிருஷ்ணகிரிப் பகுதியின் பாரதக் கூத்து மரபில் நிலைமை வேறு. படுகளம் எனப்படும் நாளில், மண்ணால் பெரிதாக வடித்த துரியோதனன் உருவம் தரையில் மல்லாந்து கிடக்க, வீமன் வேடம் கட்டியவர் அதன் தொடையைப் பிளப்பார். திரௌபதி சபதம் நிறைவேறிக் கூந்தல் முடிப்பாள். காந்தாரி மகனுக்காக ஒப்பாரி வைப்பாள். அம்மன் வென்ற நாளில், அம்மனின் எல்லைக்குள்ளேயே, தோற்றவனைப் பெற்றவள் வாய்விட்டு அழுவதற்கு முறைப்படி ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒப்பாரிக்கு மறுமொழி எதுவும் கிடைப்பதில்லை. மகன் எழுந்து வருவதுமில்லை. ஆயினும் அது இல்லாமல் திருவிழா நிறைவு பெறாது. இம்மண்ணின் சமயம் அழுகையை விலக்கவில்லை என்று இதைக்கொண்டு பெருமை கொள்வதற்கும் ஒரு வரம்பு உண்டு. அழுகையைக் கோயிலுக்குள் அனுமதித்த அதே சமூகம், சாவு வீட்டில் பறையடித்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தியது. அமெரிக்கச் சபை இசையைத் தீட்டாக்கியது என்றால், இங்கே தீட்டு இசைத்தவர்மேல் ஏற்றப்பட்டது.

அழுகை என்னும் மெய்ப்பாடு பிறப்பதற்குத் தொல்காப்பியம் நான்கு களங்களை வகுக்கிறது: பிறரால் எளியராக நடத்தப்படும் இளிவு, உற்றாரையோ உடைமையையோ இழக்கும் இழவு, முன்னைய நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வரும் அசைவு, நுகர்வதற்கு ஏதுமில்லாத வறுமை. ப்ளூஸ் பாடல்களின் பொருளடக்கமாகவே இப்பட்டியலை வாசிக்கலாம். அவற்றுள் அசைவு தனிக் கவனம் பெறவேண்டியது. 1910க்கும் 1970க்கும் இடையே ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு நீங்கினர். மிசிசிப்பியின் பண்ணையொன்றிலிருந்து 1943இல் சிகாகோவுக்கு வந்த மட்டி வாட்டர்ஸ், பகலில் ஆலை வேலையும் இரவில் கித்தாருமாக வாழத் தொடங்கினார். சிப்காட் வளாகமும் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளும் வந்தபின் ஓசூருக்கு மானாவாரி நிலங்களை விட்டு வந்தவர்களையும், அவர்களுக்குப் பின் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களையும் அந்த வரலாற்றோடு அப்படியே பொருத்துவது தகாது. அடிமைமுறையின் கொடுமை வேறு வகையானது. ஆயினும் ஷிப்ட் முடிந்து வாடகை அறைக்குத் திரும்பும் ஒருவர் மொழி தெரியாத ப்ளூஸ் பாடலில் எதைக் கேட்கக்கூடும் என்பதை விளக்க அசைவு என்னும் இலக்கணச் சொல் போதுமானது.

இப்பகுதியில் பிறந்த ஒருவரே ப்ளூஸின் எதிர்முனைக்கும் சான்று தந்திருக்கிறார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி இயற்றி, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘குறை ஒன்றும் இல்லை’ என்னும் பாடல், தலைப்பிலேயே முறையீட்டைத் துறந்துவிடுகிறது. ஆனால் அதன் மெட்டு சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி ஆகிய ராகங்களால் ஆன ராகமாலிகை. தொடங்கும் ராகமாகிய சிவரஞ்சனியோ சோகத்துக்கென்றே திரையிசை ஓயாமல் எடுத்தாண்டது. சொல் குறையை மறுக்க, சுரம் அதை ஒப்புக்கொள்கிறது. ப்ளூஸில் இது தலைகீழாகிறது: சொல் குறைகளை அடுக்கிக்கொண்டே போக, தாளம் கேட்பவரை எழுந்து ஆடவைக்கிறது. சிவரஞ்சனியின் சாதாரண காந்தாரத்துக்கும் அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரத்துக்கும் நடுவே குழைந்து நிற்கும் சுரத்தை ப்ளூஸ் கலைஞர்கள் ‘ப்ளூ நோட்’ என்பர். கமகம் பழகிய செவிக்கு அதில் அந்நியம் ஏதுமில்லை.

இனி, பக்தி மரபும் முறையீட்டை அறியாததன்று. சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் தந்த வாக்கை மீறிக் கண்ணிழந்த சுந்தரர், இறைவனிடம் இரந்தும் இடித்துரைத்தும் பாடி, காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மற்றொன்றையும் பெற்றதைப் பெரியபுராணம் விரித்துரைக்கும். தோழர் என்ற உரிமையில் எழுந்த கோபம் அது. கேட்பவர் இன்னார் என்பதில் சுந்தரருக்கு ஐயமே இல்லை. ப்ளூஸ் பாடகர் ஆண்டவரைச் சில நேரம் விளிப்பதுண்டு எனினும், பெரும்பாலும் அவருடைய முறையீட்டில் கேட்பவர் பெயர் இராது. அவருக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே: பன்னிரண்டாம் பார் முடிந்ததும் முதல் பார் மீண்டும் வரும். அந்த உறுதியைக் காத்துத் தருவது பேஸ் கலைஞரின் பொறுப்பு.

பேஸ் கித்தாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். காற்றில் அதன் அலைநீளம் 8 மீட்டருக்கு மேற்பட்டது. இவ்வளவு நீண்ட அலை எத்திசையிலிருந்து வருகிறது என்று செவியால் எளிதில் சொல்ல இயலாது. கேட்பவர் அதை நெஞ்சுக்கூட்டில் உணர்வதும் உண்டு. தம்புராவும் நாகசுரத்துக்குத் துணையாகும் ஒத்தும் தரும் சுருதி அசையாதது என்பதால், மாறும் அனைத்துக்கும் பின்னே மாறாத ஒன்று நிற்கவேண்டும் என்னும் கொள்கைக்கு அதை உவமையாக்குவது எளிது. பேஸ் அவ்வாறு நிற்பதில்லை. ‘வாக்கிங் பேஸ்’ என்னும் முறையில் அது எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக ஏறியும் இறங்கியும் நடந்து, அடுத்த கார்டு வருமுன்பே அதை நோக்கி நகர்ந்துவிடும். ஆதாரமும் பயணம் செய்யும் என்றால், இறைவன் உயிர்களோடு உடனாய் நின்று இயக்குகிறான் என்னும் சைவ சித்தாந்தக் கருத்தே இதற்கு அணுக்கமானது.

கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அந்த 41 அதிர்வை எழுப்ப முடியாது. ஆயினும் அதன் மடங்குகளான மேல் அதிர்வுகளைக் கேட்கும் செவி, ஒலிக்காத அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக் கேட்டுவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டார் சிவஞானபோதத்தின் தொடக்கத்தில், தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக்கொண்டு அதற்கு ஒரு முதல்வனை அனுமானித்த முறையை இது நினைவூட்டும். (அந்நூலின் 12 நூற்பாக்களும் ப்ளூஸின் 12 பார்களும் எண்ணில் ஒன்றுவது தற்செயல், அதில் பொருள் தேடுவது வீண்.) ஆனால் செவியின் ஊகம் அடிச்சுரம் ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் ஒன்றுபோலவே நிகழ்வதால், அது எதற்கும் சான்றாகாது. சான்று தேடும் இடத்தில் ப்ளூஸ் நிற்கவுமில்லை. வேள்வியின் பயனை வழங்க ஓர் இறைவன் வேண்டியதில்லை, முறைப்படி செய்த செயலே பயன் தரும் என்று கொண்ட மீமாம்சகரே அதற்கு மிக நெருங்கியவர். கேட்பவர் இருப்பதுபோல முறையிட்டு, மறுமொழிக்கு இடம் விட்டு, அந்த இடத்தைத் தன் கையாலேயே நிரப்பி, சுற்றைப் பிழையின்றி முடிப்பதில் அது தன் ஆறுதலைப் பெறுகிறது. நம்பிக்கையாளர் அதில் இறைவனைக் காணலாம், காணாதவருக்கும் சுற்று குறைவின்றி முடியும்.

சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் பேஸ் வாசித்தபடியே, மட்டி வாட்டர்ஸ் 1954இல் பாடிய ‘ஹூச்சி கூச்சி மேன்’ முதலிய பாடல்களை எழுதிய வில்லி டிக்சன், ப்ளூஸ் என்பது வாழ்க்கையின் உண்மைகளே என்று கருதியவர். அக்கருத்தை ஓசூர், கிருஷ்ணகிரித் திருவிழா மேடைகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் பேஸ் கலைஞர் எளிதில் ஏற்பார். கச்சேரி பிள்ளையார் பாடலிலோ அம்மன் பாடலிலோ தொடங்கி, காதல் பாடல், சோகப் பாடல், குத்துப் பாடல் என்று நகரும்போது, பக்தி எங்கே முடிந்து கேளிக்கை எங்கே தொடங்கியது என்பதை அவருடைய இடது கையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. டார்சியின் பக்திப் பாடல்களை ஏற்கத் தயங்கிய சபையினரையும் இந்த நோக்கில் மீண்டும் எண்ணிப் பார்க்கவேண்டும்: சொற்கள் ஆண்டவரிடம் சென்றுவிட்ட பின்னும் இசையின் நடை பழையபடியே இருந்ததை அவர்கள் கண்டுகொண்டனர், அவர்களுடைய முடிவு தவறாக இருக்கலாம், செவி தவறவில்லை.