கணக்கில் வராத லிஸவேத்தா: ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் பாத்திரங்கள் குறித்து

பியோதர் தொஸ்தொயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866ஆம் ஆண்டில் ‘ருஷ்யத் தூதன்’ என்னும் சஞ்சிகையில் தொடராக வெளிவந்தது. அந்நாவலைப் பற்றி எழுதியோர் பலரும் இரண்டு வினாக்களைச் சுற்றியே நின்றுள்ளனர். ரஸ்கோல்நிக்கோவ் ஏன் கொன்றான்? கொன்றபின் தானே சென்று அதனை ஏன் ஒப்புக்கொண்டான்? முதல் வினாவுக்கு வறுமை என்றும், நெப்போலியன் போன்ற அசாதாரண மனிதர் சட்டத்துக்கு மேலானவர் என்னும் கோட்பாடு என்றும், நோயுற்ற உள்ளம் என்றும் விடைகள் கூறப்பட்டுள்ளன. இரண்டாவது வினாவுக்கோ மனச்சாட்சி என்னும் ஒரு சொல்லே போதிய விடையாகக் கொள்ளப்படுகின்றது. அச்சொல் இந்நாவலில் எதனைக் குறிக்கின்றது என்பதே இக்கட்டுரை ஆராய முனையும் விடயமாகும். அதற்கு, நாவலில் ஏறக்குறைய வாயே திறவாத ஒரு பாத்திரத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமெனக் கருதுகின்றேன். அவள் லிஸவேத்தா.

ரஸ்கோல்நிக்கோவின் கோடரிக்கு இரையானோர் இருவர். ஆயினும், அடைவு பிடிக்கும் கிழவி அல்யோனா இவானொவ்னாவைக் கொன்ற மாணவனின் கதை என்றே இந்நாவல் பெரும்பாலும் சுருக்கிக் கூறப்படுகின்றது. வேறு தாய்க்குப் பிறந்த அவள் தங்கை லிஸவேத்தா அச்சுருக்கத்துள் இடம்பெறுவதில்லை. அவளுக்கு வயது 35. நெடிய உருவம், கூச்ச சுபாவம், எவர் எதைக் கேட்பினும் மறுக்கத் தெரியாத மனம். இரவு பகலாக உழைத்து ஈட்டுவதை அக்காளிடம் ஒப்படைத்துவிட்டு அவளிடமே அடியும் வாங்குபவள்.

கொலை நிகழ்வதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்னர் மலிவான உணவகமொன்றில் ஒரு மாணவனும் இளம் இராணுவ அதிகாரியொருவனும் பேசிக்கொண்டிருப்பதை ரஸ்கோல்நிக்கோவ் தற்செயலாகக் கேட்கின்றான். எவருக்கும் பயன்படாத, பிறரை வருத்துகின்ற ஒரு கிழவியைக் கொன்று, அவள் பணத்தைக் கொண்டு பத்துக்கணக்கான குடும்பங்களை மீட்கலாமெனின் அது வெறும் எண்கணிதமே அன்றோ என்பது அம்மாணவனின் வாதம். ஈண்டு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கிழவியின் கொடுமைக்கு அவன் காட்டும் சான்றே லிஸவேத்தாதான். கிழவியின் செல்வம் முழுவதும் ஒரு மடத்துக்கு எழுதிவைக்கப்பட்டுள்ளது. தங்கைக்குத் தட்டுமுட்டுப் பொருள்களைத் தவிர ஒரு காசும் இல்லை. எனவே கிழவியின் மரணத்துக்கு ஆதரவாக முன்வைக்கப்பட்ட வழக்கில் லிஸவேத்தா ஒரு சாட்சி. அதே வழக்கின் தீர்ப்பு நிறைவேற்றப்பட்ட நாளில் அவளும் கொல்லப்படுகின்றாள். இவ்வாதத்தைச் செய்பவனும் மாணவன், அதனைச் செயலாக்கியவனும் மாணவன் என்பது, மாணவராகிய நாம் சிறிது சங்கடத்துடன் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

திட்டத்தில் லிஸவேத்தாவுக்கும் ஓர் இடம் இருந்தது: அவள் இல்லாமல் இருக்க வேண்டும். வைக்கோற் சந்தையில் அவள் வியாபாரிகளுடன் உரையாடுவதைக் கேட்டு, மறுநாள் மாலை ஏழு மணிக்கு அவள் வீட்டில் இருக்கமாட்டாள் என்று ரஸ்கோல்நிக்கோவ் அறிகின்றான். அவனைப் பொறுத்தவரை அவள் ஒரு மனுஷி அல்லள். ஒரு நேரக் குறிப்பு. ஆனால் அவள் முன்னதாகவே திரும்பி வருகின்றாள். கதவைத் தாழிடவும் அவன் மறந்திருந்தான். கோடரியைக் கண்ட லிஸவேத்தா கூச்சலிடவில்லை, முகத்தை மறைக்கவுமில்லை, இடது கையை மாத்திரம் மெல்ல முன்னே நீட்டுகின்றாள். கிழவியைக் கோடரியின் பின்புறத்தால் அடித்தவன் இவளை அதன் கூரிய வாயினாலேயே வெட்டுகின்றான்.

இவ்விரண்டாவது கொலைக்கு நெப்போலியனும் இல்லை, எண்கணிதமும் இல்லை. அகப்பட்டுவிடாமல் தப்ப விரும்பும் ஒரு சாதாரணக் கொலைகாரனின் செயல் அது. கோட்பாடு சில நிமிடங்களுக்கு மேல் உயிர் வாழவில்லை.

வியப்புக்குரியது யாதெனின், நாவலின் பெரும்பகுதியில் ரஸ்கோல்நிக்கோவின் நினைவில் லிஸவேத்தா இல்லை. அவன் நோயுற்றுக் கிடக்கையில் பணிப்பெண் நஸ்தாஸ்யா, லிஸவேத்தாவும் கொல்லப்பட்டாள் என்றும், அவள் இந்த வீட்டுக்கு வந்து போனவள் என்றும், அவனுடைய சட்டையொன்றைக்கூடத் தைத்துத் தந்தவள் என்றும் சொல்கின்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி, சுவர்த்தாளிலுள்ள ஒரு பூவின் இதழ்களை எண்ணத் தொடங்குகின்றான். எண்ணுவதன்றி வேறொன்றும் தெரியாதவனாக அவனை ஆசிரியர் அவ்விடத்தில் காட்டுவது தற்செயலாக இருக்க முடியாது. பின்னர் ஓரிடத்தில், தான் லிஸவேத்தாவைக் கொல்லாதவன் போல அவளை ஏன் நினைப்பதேயில்லை என்று அவனே திகைக்கின்றான்.

காரணத்தை நாவல் நேரடியாகக் கூறவில்லை. என் கருத்து வருமாறு: கிழவியைப் பற்றி அவனால் வாதாட முடிகின்றது. அவள் பேன் போன்றவள், தீங்கானவள், தான் கொன்றது ஒரு மனிதப் பிறவியையன்று, ஒரு கொள்கையையே என்றெல்லாம் அவன் பேசலாம். வாதாட முடிந்த ஒன்றை மனம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும். லிஸவேத்தாவைப் பற்றிச் சொல்வதற்கு அவனிடம் ஒரு வாக்கியமும் இல்லை. ஆகவே அவள் சிந்தனைக்கு வெளியே நிற்கின்றாள். முகமாக மட்டும் எஞ்சுகின்றாள்.

அம்முகம் சோனியாவின் வழியாகவே திரும்பி வருகின்றது. சோனியாவைப் பரிசுத்தமான பாவி, தியாகத்தின் உருவம் என்றெல்லாம் போற்றும் விமர்சனம், அவள் லிஸவேத்தாவின் சிநேகிதி என்னும் எளிய உண்மையைக் கடந்து போய்விடுகின்றது. இருவரும் சேர்ந்து வாசித்தவர்கள், சிலுவை மாற்றிக்கொண்டவர்கள். இலாசரு உயிர்த்தெழுந்த பகுதியைச் சோனியா ரஸ்கோல்நிக்கோவுக்குப் படித்துக் காட்டும் புதிய ஏற்பாடே லிஸவேத்தா கொண்டுவந்து கொடுத்ததுதான். அன்றிரவு விடைபெறும்போது, தான் மீண்டும் வந்தால் லிஸவேத்தாவைக் கொன்றவன் யாரெனக் கூறுவதாக அவன் சொல்கின்றான். கிழவியைக் கொன்றவன் யாரென்று அவன் சொல்லவில்லை. அடுத்த சந்திப்பில் உண்மையை உணர்ந்த சோனியா பின்வாங்கி இடது கையை நீட்டுகின்றாள். அந்த முகத்தில் அவன் லிஸவேத்தாவைக் காண்கின்றான். மனச்சாட்சி என்பது தவறானதொரு முடிவைத் திருத்திக்கொள்ளும் அறிவின் செயல் என்று நாம் கருதுவோமாயின், இக்காட்சி நமக்கு விளங்காது. இங்கே எந்த வாதமும் தோற்கவில்லை. உண்மையில் இதன் பின்னரும் அவன் தன் கோட்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழுதல் இயல்பு. குற்றமற்ற லிஸவேத்தாவைக் கதையுட் புகுத்தியதன் மூலம் தொஸ்தொயெவ்ஸ்கி தராசைச் சாய்த்துவிட்டாரல்லவா? அவள் அன்று வராதிருந்தால், கிழவி மாத்திரம் இறந்திருந்தால், எண்கணிதம் சரியாகிவிடுமா? இது இலகுவில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. கணக்குகள் நடைமுறையில் பிழைத்துவிடும், எதிர்பாராத ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருவார் என்று மட்டும் பதிலளிப்போமாயின், மேலும் கவனமாகத் திட்டமிட்ட கொலையை நாம் அனுமதித்தவர்களாவோம். பெந்தாமின் வழிவந்த பயன்பாட்டுவாதியும் அப்பதிலை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்வான். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற காந்தின் விதியைக் கூறி முடித்துவிடலாம். ஆனால் நாவலாசிரியர் விதியைத் தருவதில்லை. அவர் காட்டுவது ஒரு மனப்பழக்கத்தை. ஓர் உயிரைப் பூச்சியமாக எண்ணப் பழகிய மனத்துக்கு அடுத்த உயிரை ஏழு மணி என்று எண்ணுவது கடினமாக இருக்கவில்லை. கிழவியின் விடயத்தில் செய்யப்பட்ட தவறு லிஸவேத்தாவின் விடயத்தில் கண்ணுக்குத் தெரிகின்றது என்பதே சரி. புதிதாக அங்கே தோன்றியதன்று. கிழவியைக் கொல்வதற்கு முன்தினம் அவன் காணும் கனவில், சிறுவனாகிய அவன், வண்டியிழுக்க மாட்டாத பெண் குதிரையொன்று அடித்துக் கொல்லப்படுவதைக் கண்டு கதறி, அதன் இரத்தம் தோய்ந்த முகத்தை அணைக்கின்றான். அச்சிறுவன் குதிரையின் பயன் யாதென்று கேட்கவில்லை.

சோனியாவும் தங்கை துன்யாவும் ஒருவகையில் கணக்குப் பார்த்தவர்களே. சிற்றன்னையின் பிள்ளைகளுக்காகச் சோனியா மஞ்சட் சீட்டுப் பெற்றுத் தெருவுக்குப் போகின்றாள். தமையனுக்காகத் துன்யா லூஷினை மணக்கச் சம்மதிக்கின்றாள். நீயும் ஓர் உயிரை அழித்தவளே, அது உன்னுடையதாயினும் எல்லாம் ஒன்றுதான் என்று ரஸ்கோல்நிக்கோவ் சோனியாவிடம் சொல்கின்றான். அவன் கூறும் வாதங்களுள் மிக நுட்பமான புரட்டு இதுவே என்பேன். தன்னைக் கொடுப்பதும் பிறரை எடுப்பதும் ஏட்டில் ஒரே எண்ணாகத் தோன்றலாம். தன்னலமே பொதுநலத்தின் அடிப்படை என்று பேசும் லூஷினிடம், அக்கருத்தை இறுதிவரை கொண்டுசென்றால் மனிதரை வெட்டலாம் என்பது பெறப்படும் என்று எரிந்துவிழுபவனும் அவனே.

கொலையினால் விளைந்த நன்மை யாது? பணப்பையில் 317 ரூபிள்களும் மூன்று இருபது கோப்பெக் நாணயங்களும் இருந்தன. அவன் அதனைத் திறந்தும் பாராமல் ஒரு கல்லின் கீழ்ப் புதைத்துவிட்டான். அவன் செய்ய எண்ணிய நற்செயல்களைச் செய்து முடிப்பவன் ஸ்விட்ரிகைலோவ்: மார்மெலாதொவின் அநாதைப் பிள்ளைகளுக்கு வழிசெய்கின்றான், சோனியாவுக்குப் பணம் தருகின்றான், பின்னர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறக்கின்றான். நன்மைகளின் கூட்டுத்தொகை ஒரு மனிதனை வாழவைக்கப் போதாது என்பதற்கு இதனினும் குரூரமான உதாரணத்தை நான் வாசித்ததில்லை.

குற்றம் சமூக அமைப்பின் விளைவே என்னும் நோக்கு நமது விமர்சன மரபில் வலுவானது. பீற்றர்ஸ்பேர்க் நகரின் வெக்கையையும் நாற்றத்தையும் பட்டினியையும் இந்நாவலிற் கண்டோர் அதனை முற்றாக மறுக்கமாட்டார்கள். ஆயினும் அதே தெருவில், அதே பட்டினியில், ரஸூமிகின் மொழிபெயர்த்துப் பிழைக்கின்றான். வறுமை ரஸ்கோல்நிக்கோவுக்குக் கோடரியைத் தந்திருக்கலாம். பிறரை எண்ணும் முறையை அவன் வேறிடத்தில் கற்றான். விசாரணை அதிகாரி போர்பிரி பெத்ரோவிச் இதனை நன்கு அறிந்தவர். தடயம் எதுவும் கையில் இல்லாத நிலையில் அவர் கொலைகாரனை வருணிக்கும்போது, கதவைப் பூட்ட மறந்தவன் என்றும், ஒரு கோட்பாட்டுக்காக இருவரைக் கொன்றவன் என்றும் கூறுகின்றார். ரஸ்கோல்நிக்கோவின் முன்னிலையில் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்பவர் அவர்.

இறுதியில், துன்யாவிடம் விடைபெறும்போதுகூட அவன், எது குற்றம், ஒரு பேனை நசுக்கியதா என்றே கேட்கின்றான். அங்கும் கிழவி மாத்திரமே. சற்று நேரத்தின்பின் பொலிஸ் நிலையத்தில் அவன் கூறும் வாக்குமூலத்தில் கிழவிக்குப் பெயர் இல்லை, தங்கைக்குப் பெயர் இருக்கின்றது. கோட்பாட்டைக் கைவிடாத ஒருவன் அப்பெயரை உச்சரித்துவிட்டான். எட்டாண்டுக் கடூழியத் தண்டனை பெற்றுச் சைபீரியா சென்றபின்னும், தான் தவறியது தாங்கும் வலிமை இல்லாமையிற்றான் என்று அவன் பிடிவாதமாக நினைக்கின்றான். நதிக்கரையில் சோனியாவின் காலடியில் அவனுக்கு நிகழும் மாற்றம் திடீரென ஒட்டவைக்கப்பட்டது என்று குறைகூறுவோர் உளர். அக்குறையில் நியாயம் உண்டு. ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார் என்றே எனக்கும் தோன்றுகின்றது. எனினும் அதே பக்கங்களில், அவன் தலையணையின் கீழ் ஒரு நூல் கிடக்கின்றது. அது சோனியாவினுடையது என்றே ஆசிரியர் சொல்கின்றார். அவளுக்கு அதனைக் கொடுத்தவள் எவளென்று முன்னரே சொல்லியாயிற்று. அவனாகவே கேட்டு வாங்கிய அந்நூலை அவன் அதுவரை திறக்கவில்லை. இப்போது கையில் எடுக்கின்றான், இன்னும் திறக்கவில்லை.