பதினாறு உதயங்களில் எது காலை?

சர்வதேச விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஒரு விடியல், ஒரு பகல், ஓர் அந்தி, ஓர் இரவு எல்லாம் முடிந்து மறுபடி விடிந்துவிடும். தரையில் ஒரு நாள் கழியும் நேரத்தில் அங்கே இருப்பவர்கள் பதினாறு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கிறார்கள்.

வானத்தைக் காதலிக்கும் எவருக்கும் ஏக்கம் தரும் காட்சி இது. ஆனால் சூரியனின் நகர்வை வைத்துத் தொழுகை நேரத்தை அறிகிற ஒருவர், அது அடையும்போது நோன்பு திறக்கிற ஒருவர், அது சாய்வதற்குள் விளக்கேற்றி ஓய்வுநாளுக்குள் நுழைகிற ஒருவர் அங்கே போனால் என்ன செய்வது? இது கற்பனைக் கேள்வி அல்ல. மூன்று மதங்களைச் சேர்ந்தவர்கள் இதை நேரில் சந்தித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், வழிபாட்டுக்கும் வானத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இவ்வளவு காலமும் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தோமா என்ற சந்தேகமே வந்துவிடும்.

2007 அக்டோபர் 10 அன்று மலேசியாவின் எலும்பு அறுவை மருத்துவர் ஷேக் முஸாபர் ஷுகோர், கசகஸ்தானின் பைக்கனூரிலிருந்து சோயுஸ் விண்கலத்தில் புறப்பட்டார். அப்போது ரமலான் மாதம். நோன்புப் பெருநாளுக்குச் சில நாள்களே இருந்தன. ஒவ்வொரு உதயத்தையும் ஒரு நாளின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டால் அவர் 24 மணி நேரத்தில் எண்பது வேளை தொழ வேண்டும். நோன்பு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மக்கா இருக்கும் திசையோ ஒரு கணம் முன்னால், சற்று நேரத்தில் காலுக்கு நேர் கீழே, அடுத்துப் பின்னால் என்று மாறிக்கொண்டே இருக்கும். எடையே இல்லாத இடத்தில் சஜ்தாவில் நெற்றியை எந்தத் தரையில் வைப்பது? நீர் உருண்டையாய் மிதக்கும் இடத்தில் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளு செய்வது எப்படி?

மலேசிய விண்வெளி நிறுவனம் இதைக் கடைசி நேரத்துக்கு விட்டுவைக்கவில்லை. 2006இலேயே மார்க்க அறிஞர்களையும் விஞ்ஞானிகளையும் ஒரே அரங்கில் உட்கார வைத்துப் பேசியது. அதிலிருந்து பிறந்த வழிகாட்டி நெறிகளை அந்நாட்டின் தேசிய ஃபத்வா குழு ஏற்றுக்கொண்டது. கிப்லாவை, அதாவது தொழும் திசையை, நோக்குவதற்கு அது நான்கு படிகள் வைத்தது: இயன்றால் மக்காவில் உள்ள கஅபாவையே நோக்கலாம், இயலாவிட்டால் கஅபாவுக்கு நேர் மேலே நீளும் திசையை, அதுவும் இயலாவிட்டால் பூமியை, எதுவும் முடியாதபோது எந்தப் பக்கமும். நிற்க முடியாதவர் உட்காரலாம், உட்கார முடியாதவர் படுக்கலாம், உடலை அசைக்கவே வழி இல்லாதவர் கண்ணிமையால் நிலை மாறுவதைக் குறிக்கலாம். நோன்பைத் தள்ளிப்போட்டு, திரும்பி வந்த பிறகு வைக்கலாம். நேரம்? 24 மணிக்கு ஐந்து வேளைதான், எண்பது அல்ல. அந்த 24 மணி நேரம் எங்கிருந்து புறப்பட்டாரோ அந்த ஊரின் கணக்குப்படி, அதாவது பைக்கனூரின் கணக்குப்படி.

இந்தக் கடைசி விதியில்தான் விஷயம் இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிய இஸ்ரேலிய விமானப்படை அதிகாரி இலான் ரமோனுக்கும் இதே மாதிரியான விடை கிடைத்திருந்தது. ரமோன் சம்பிரதாயங்களைத் தீவிரமாகக் கடைப்பிடித்து வாழ்ந்தவர் அல்ல. அவருடைய தாய் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரராகப் போகும்போது தன்னோடு எல்லா யூதர்களும் வருகிறார்கள் என்று அவர் உணர்ந்தார். அதனால் யூத முறைப்படி தயாரித்த உணவு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஓய்வுநாளை எப்படி அனுசரிப்பது என்று புளோரிடாவில் ஒரு ரபியிடம் விசாரித்தார். ஓய்வுநாள் வெள்ளி மாலை அஸ்தமனத்தில் தொடங்குவது. ஒன்றரை மணிக்கு ஒரு நாள் என்றால் பத்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வுநாள் வந்து நிற்கும். கிடைத்த வழி, கடைசியாகத் தரையை விட்டுக் கிளம்பிய கேப் கனாவரலின் நேரப்படி ஏழு நாளை எண்ணுவது.

யூத மரபுக்கு இந்தச் சிக்கல் முற்றிலும் புதியது அல்ல. பாலைவனத்தில் வழி தவறி, இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோன பயணி ஓய்வுநாளை எப்படிக் காப்பது என்று யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் விவாதிக்கிறது. ஆறு நாளை எண்ணிவிட்டு ஏழாவதைக் காக்க வேண்டும் என்கிறார் ஒருவர். முதலில் ஒரு நாளைக் காத்துவிட்டுப் பிறகு ஆறு நாளை எண்ண வேண்டும் என்கிறார் இன்னொருவர். விவாதம் அதோடு முடியவில்லை. எந்த நாள் உண்மையான ஓய்வுநாள் என்பது தெரியாததால், எல்லா நாளும் அவன் உயிர் பிழைக்கத் தேவையான வேலையை மட்டுமே செய்யலாம் என்ற கருத்தும் வருகிறது. அப்படியானால் அவன் எண்ணி வைத்த அந்த நாள் மற்ற நாள்களிலிருந்து எதனால் வேறுபடும்? கித்தூஷாலும் ஹவ்தாலாவாலும், அதாவது நாளைத் தொடங்கி வைக்கும் வாழ்த்தாலும் முடித்து வைக்கும் வாழ்த்தாலும் என்று விடை சொல்கிறது அந்தப் பகுதி.

கொலம்பியா 2003 பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தார்கள். சுமார் இரண்டு மாதங்கள் கழித்து டெக்சாஸில் ரமோனின் நாட்குறிப்புத் தாள்கள் சில கிடைத்தன. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும், வெயிலிலும் மழையிலும் கிடந்தும் எழுத்து அழியாமல் இருந்த ஒரு தாளில் அவர் கித்தூஷ் வாழ்த்தைத் தன் கையால் எழுதி வைத்திருந்தார். தடுமாறாமல் படிக்க வேண்டும் என்பதற்காக உயிர்க்குறிகளும் போட்டிருந்தார். இரண்டு குழுக்களாகப் பிரிந்து இரவு பகலாக ஆய்வுகள் நடந்துகொண்டிருந்த கலத்தில் வேலையை நிறுத்த வழி இல்லை. பாலைவனப் பயணிக்குத் தல்மூத் விட்டுவைத்தது எதுவோ அதுதான் ரமோனுக்கும் எஞ்சியிருந்தது.

இஸ்லாமிய மரபிலும் இப்படி ஒரு முன்னோடி உண்டு. உலக முடிவுக்கு முன் தோன்றும் பொய்யனான தஜ்ஜால் வரும் காலத்தில் ஒரு நாள் ஓராண்டு நீளும் என்று நபிகள் சொன்னபோது தோழர்கள் கேட்ட கேள்வி, அந்த நாளுக்கு ஒரு நாள் தொழுகை போதுமா என்பது. போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்பது பதில். ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள செய்தி இது. சூரியன் அடையாளம் காட்டாதபோது மனிதன் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதற்கு அறிஞர்கள் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நார்வேயின் த்ரொம்ஸோவில் மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் அடைவதில்லை. அத்தகைய ஊர்களில் வாழ்பவர்கள் மக்காவின் நேரத்தையோ, இரவும் பகலும் தெளிவாகப் பிரிகிற அருகிலுள்ள ஊரின் நேரத்தையோ பின்பற்றலாம் என்பதும் இந்த வழியில் வந்த தீர்ப்புதான்.

அப்படியானால் வானம் வழிபாட்டுக்கு வெறும் கடிகாரம்தானா, வேறு கடிகாரம் கிடைத்ததும் கழற்றி வைத்துவிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏனென்றால் வானியலை வளர்த்ததில் வழிபாட்டின் பங்கு சிறிதல்ல. கிப்லாவைத் துல்லியமாகக் கண்டறிய ஊர்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அளப்பது பற்றிப் பதினோராம் நூற்றாண்டில் அறிஞர் அல்பிரூனி ஒரு நூலே எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்த இப்னு அல்ஷாதிர் உருவாக்கிய நிலவின் இயக்க மாதிரி, பின்னால் கோபர்நிகஸ் தந்ததோடு ஒத்துப்போகிறது. ஈஸ்டர் நாளைச் சரியாகக் குறிக்க வேண்டும் என்ற கவலை 1582இல் நாட்காட்டியையே திருத்த வைத்தது. 1655இல் பொலோனியாவின் சான் பெத்ரோனியோ தேவாலயத் தரையில் வானியலாளர் காசினி வரைந்த நடுப்பகல் கோட்டில், கூரைத் துளை வழியே விழும் வெயில் இன்றும் நகர்ந்து செல்கிறது. வானத்தைக் கண்டு வியந்தவர்களும் தொழுதவர்களும் பல நூற்றாண்டுகள் ஒரே ஆட்களாகவே இருந்தார்கள்.

ஆனால் பைக்கனூர் விதி வானத்தைக் கழற்றி வைக்கவில்லை. பைக்கனூரின் தொழுகை நேரமும் சூரியனால் வருவதுதான். விண்வெளிக்குப் போனவரிடம் இல்லாதது சூரியன் அல்ல, தொடுவானம். உதயம் என்பது சூரியன் தனியாகச் செய்யும் காரியம் இல்லை. சூரியனும் ஓர் ஊரும் சேர்ந்தால்தான் உதயம். சுற்றுப்பாதையில் சூரியன் உண்டு, ஊர் இல்லை. அதனால் அங்கே நிகழும் பதினாறு ஒளிகளும் யாருக்கும் காலை ஆகவில்லை. தொழுகிறவர் தான் விட்டுவந்த மனிதர்களின் தொடுவானத்தைத் தனக்கும் வைத்துக்கொள்கிறார். அவர்களுக்கு விடியும்போது அவருக்கும் விடிகிறது.

1968 டிசம்பர் 24 அன்று நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பல்லோ 8 வீரர்கள் மூவர் ஆதியாகமத்தின் தொடக்க வசனங்களை வாசித்தபோதும் நடந்தது இதுவே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக நிலவை வலம் வந்தவர்களுக்கு அந்த இரவைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவாக ஆக்கியது நிலவின் வானம் அல்ல, வானொலியின் மறுமுனையில் இருந்த பூமி.

பஞ்சாங்கத்தோடு வாழும் தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். திதி என்பது நிலவு சூரியனிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாக விலகும் கணக்கு. அது மாறும் கணம் பூமி முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் எந்த நாளில் விரதம் என்பதை முடிவுசெய்ய அந்தந்த ஊரின் சூரியோதயம் வேண்டும். அதனால்தான் ஒரே ஏகாதசி சென்னையில் ஒரு தேதியிலும் டொராண்டோவில் முந்தைய தேதியிலும் விழ முடிகிறது. நார்வேயின் வட கோடியான ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து குடியேறிய ஈழத்தமிழர்களுக்கோ, கோடையில் இரண்டு மாதங்களுக்கு மேல் அந்த உதயமே கிடையாது. பஞ்சாங்கத்தின் நாள் தொடங்கும் புள்ளியே இல்லாத ஊரில் வெள்ளிக்கிழமை எப்போது தொடங்குகிறது? விண்வெளி வீரரிடம் கேட்ட அதே கேள்வியை, வானத்தில் ஏறாமலே அகதியாய் வந்தவர்களிடமும் வானம் கேட்டிருக்கிறது.

தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையே பெருநாள் நெருங்கும்போதெல்லாம் எழும் பிறை விவாதத்தின் அடியிலும் இதே கேள்வி உண்டு. தலைமை காஜி அறிவிக்கும் உள்ளூர்ப் பிறையா, உலகில் எங்கே கண்டாலும் போதுமா, கணக்கே போதுமா? ஒரு தரப்பு அறிவியலுக்கு நெருக்கம், மறு தரப்புக்கு அறிவியல் பகை என்று இதை அவசரமாகப் பிரித்துவிடுகிறவர்கள் உண்டு. அது சரியான பார்வையாகத் தெரியவில்லை. பிறை எப்போது பிறக்கிறது என்பதில் எவருக்கும் ஐயம் கிடையாது. யாரோடு சேர்ந்து அதைப் பார்ப்பது என்பதில்தான் வேறுபாடு. தெருவோடா, நாட்டோடா, உலக முஸ்லிம் சமூகமான உம்மத்தோடா என்பது எந்தத் தொலைநோக்கியும் தீர்த்து வைக்கக்கூடிய பிரச்சினை அல்ல.

விட்டுவந்த ஊரின் நேரம் என்ற விதி எவ்வளவு தூரம் தாங்கும்? செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். அங்கே 36 நாள்கள் கழிவதற்குள் பூமியில் 37 ஆகிவிடும். பூமியின் வெள்ளிக்கிழமை அங்கே ஒரு சமயம் நடுப்பகலில் தொடங்கும், இன்னொரு சமயம் நள்ளிரவில். அங்கே நிலவும் இரண்டு. அவற்றில் ஃபோபோஸ் ஏழரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் செவ்வாயை ஒருமுறை சுற்றி, மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும். மாதத்தைக் கணிக்க அது உதவாது. கிப்லா மட்டும் எளிதாகிவிடும். மக்கா, எருசலேம், காசி, ராமேஸ்வரம் எல்லாம் வானில் ஒரே ஒளிப்புள்ளிக்குள் அடங்கிவிடும்.

போய்த் திரும்புகிறவர்களுக்குக் கேப் கனாவரலோ பைக்கனூரோ போதும். செவ்வாயிலேயே ஒரு குழந்தை பிறந்தால், அது எந்த ஊரையும் விட்டு வரவில்லை. அதற்குத் தொடுவானம் உண்டு, உதயம் உண்டு, கூட விழித்தெழும் மனிதர்களும் உண்டு. மேலே சொன்ன தீர்ப்புகளின் தர்க்கத்தை நேர்மையாக நீட்டினால், அந்தக் குழந்தையின் காலைத் தொழுகைக்குப் பைக்கனூரின் சூரியோதயம் தேவையில்லை. செவ்வாயின் சூரியோதயமே அதற்கு முறையான நேரம். ஆனால் நோன்பு மாதத்தையும் ஏழாவது நாளையும் அது யாரோடு சேர்ந்து எண்ண வேண்டும், பக்கத்து வீட்டாரோடா, பூமியில் இருக்கும் பாட்டியோடா என்பதற்கு எந்த மதத்தின் நூலிலும் இன்னும் தீர்ப்பு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.