பின் வந்த கொடை

செயலுக்கு முன்னர்ப் பேசிப் பெறுவது கையூட்டு என்பதில் ஐயமில்லை. பேச்சொன்றுமின்றிச் செயல் முடிந்தபின் பெறுவதும் அப்பெயர்க்கு உரியதோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

அமெரிக்க நாட்டு இந்தியானா மாகாணத்திலே போர்ட்டேஜ் என்பது ஒரு நகரம். 2013-ஆம் ஆண்டில் அந்நகராட்சி குப்பை லாரிகள் ஐந்தினை ஏறத்தாழ 11 இலட்சம் டாலருக்கு ஒரு கம்பெனியாரிடம் வாங்கிற்று. மறு ஆண்டு அக்கம்பெனியார் நகரத் தலைவர் ஜேம்ஸ் ஸ்னைடர் என்பார்க்கு 13,000 டாலர் கொடுத்தனர். ஆலோசனை கூறியதற்குப் பெற்ற ஊதியம் அஃது என்றார் அவர். ஜூரிமார் அவரைக் குற்றவாளி எனத் துணிந்தனர். ஓராண்டு ஒன்பது மாதச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2024 ஜூன் 26-ஆம் நாள் நீதிபதிகள் ஒன்பதின்மருள் அறுவர், முன் உடன்பாடின்றிச் செயலுக்குப்பின் தரப்படும் கொடை அம்மத்திய அரசுச் சட்டத்தின்கண் அடங்காது எனத் தீர்ப்பளித்துத் தண்டனையை நீக்கினர், மூவர் மறுத்தனர்.

அறுவர் கூற்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. அச்சட்டம் 10 ஆண்டுச் சிறை வரை விதிப்பது; மாகாண, உள்ளூர் அலுவலர் 1 கோடியே 90 இலட்சம் பேரைத் தொடுவது. பிள்ளையின் பெற்றோர் ஆசிரியர்க்கு ஆண்டிறுதியில் அன்பினால் அளிக்கும் சிறு பொருளும் குற்றமாய்விடுமோ என அவர் அஞ்சினர். கொடை பெற்றது நன்று என்று அவர் கூறினாரல்லர். அதனை விலக்குவதும் விடுப்பதும் மாகாணங்களின் பொறுப்பு என்றனர். மூவரோ, வெகுமதி பெறுதலைக் குறிக்கும் சொல் அச்சட்டத்திலேயே நிற்பதைச் சுட்டினர். சொல்லாராய்ச்சியில் எம் மனம் மூவர் பக்கமே சாய்கின்றது.

சட்டம் நிற்க. நன்றியறிதலும் குற்றமாமோ எனின், அந்நன்றி யார்க்கு உரியது என்பதை முதற்கண் நோக்கல்வேண்டும். தன் பொருளைக் கொடுத்தவனுக்கன்றோ நன்றி உரியது? லாரிகளின் விலை ஊரார் இறுத்த வரிப்பணம். கம்பெனியார்க்கு நன்றியுணர்ச்சி மிக்கிருப்பின் விலையிலே குறைத்திருக்கலாம். நகரத் தலைவர் தம்முடையது என்று கொடுத்தது யாது?

இனி, முன் பின் என்னும் வேறுபாடு ஒரு செயலையே தனித்து நோக்குவார்க்கு உளதாவது. பதவியோ ஒரு செயலோடு முடிவதன்று. இவ்வாண்டுச் செயலுக்குப் பின் வந்த பொருள் வருமாண்டுச் செயலுக்கு முன் வந்ததாகும். வாக்கினால் உடன்பாடு நிகழாவிடினும் மனம் அறிந்துகொள்ளும். ஏனை வணிகரும் அறிந்துகொள்வர். மனம், வாக்கு, காயம் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்பது நம்மனோர் அறிந்தது. நீதிமன்றம் பின்னிரண்டினைச் சான்றுகொண்டு அளக்கும். மனத்தை அவற்றின் வாயிலாகவன்றி அளக்கமாட்டாது. அஃது அதன் குறையன்று.

வழக்கிற்கு வருவோம். ஆலோசனைக்கு ஊதியம் என்பது மெய்யாயின் இவ்வாராய்ச்சி அவரைச் சாராது. நன்றிக்கொடையே ஆயின், அதற்கு ஊதியம் என்னும் பெயர் வேண்டப்பட்டது என்னை?