பணயம் வைக்க எவருக்கு உரிமை?

சூதாட்டம் தீது என்று நிறுவுவதற்கு ஒரு கட்டுரை வேண்டுவதில்லை. அதனைத் தீது என்று அறியாதவர் இலர். ஆடுகின்றவரே பிறரைவிட நன்கு அறிவர். அறிந்திருந்தும் ஆடுகின்றனர் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும். அன்றியும், இந்நாளில் ஆடுகின்றவர் தம் செயலுக்கு ஒரு நியாயமும் கூறுகின்றார். “உழைத்துப் பெற்றது என் பணம், அதனை வைத்து ஆடுவது என் விருப்பம், இதில் பிறருக்கு என்ன வழக்கு?” என்பது அவர் வினா. உரிமை என்னும் சொல்லை மதிக்கின்ற எவரும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர். அறிவுரை கூறி அவரை அடக்கிவிடலாம்; ஆனால் அடக்குதல் விடையாகாது.

சிலிபின் வட்டாரத்தில் வாழும் நமக்குச் சூது புதியதொன்றன்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள் செழித்த காலத்திலேயே அது நம் மண்ணில் வேரூன்றிவிட்டது. அபின், மது, சூதாட்டம் ஆகியவற்றின் வருவாயைத் திரட்டும் உரிமையை அன்றைய ஆங்கில ஆட்சி குத்தகைக்கு விட்டது. அக்குத்தகையை எடுத்தவர் பலர் லம்பத்து முதலாளிகளே. பகலில் கூலியாகக் கொடுத்த காசு, இரவில் சூதாட்டப் பலகையின் வழியாக அவர்களிடமே திரும்பி வந்தது. 1912ஆம் ஆண்டில் சூதாட்டக் குத்தகைமுறை ஒழிக்கப்பட்டது. ஈப்போ நகரில், 1893ஆம் ஆண்டில் லியோங் ஃபீ என்பவர் தோற்றுவித்த ஹான் சின் பெட் சூ என்னும் லம்பத்துச் செல்வரின் மனமகிழ் மன்றம் இன்று ஒரு காட்சியகமாக விளங்குகின்றது. அபின், சூது, விலைமாதர், கள்ளக் குழுக்கள் என்னும் நால்வகைத் தீமைகளின் வரலாற்றை அங்கே காணலாம். நம் முன்னோர் வாழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் இதே பணியைக் கள்ளுக்கடை செய்தது. லயத்திற்கு வந்த கூலி, லயத்தைவிட்டு வெளியே போகாமல் கரைந்தது. உழைப்பவனுக்கு ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் கலை மிகப் பழமையானது. கருவி மட்டுமே காலந்தோறும் மாறி வந்துள்ளது.

இன்றைய நிலை யாது? நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டமும், 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டமும், அதே ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டமும் நடைமுறையில் உள்ளன. உரிமம் பெற்ற கடையில், 21 வயது நிரம்பிய முஸ்லிம் அல்லாத ஒருவர் நான்கு இலக்க எண்ணை வாங்குவது குற்றமன்று. கெந்திங் மலைக்கு 1969ஆம் ஆண்டில் உரிமம் வழங்கப்பட்டு, 1971ஆம் ஆண்டில் அங்கே சூதாட்ட மனை திறக்கப்பட்டது. நாட்டின் ஒரே சட்டமுறையான மனை அதுவே. ஆனால், உரிமம் இல்லாத சூதாட்ட இல்லத்தில் ஆடினால் 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இச்சட்டங்கள் எழுதப்பட்ட நாளில் இணையம் இல்லை, கைப்பேசி இல்லை. இன்றோ சூதாட்ட இல்லம் சட்டைப்பைக்குள் வந்து அமர்ந்துவிட்டது. அதற்கு மூடும் நேரம் கிடையாது. வயது கேட்கும் வாயிற்காவலன் கிடையாது. அதன் உரிமையாளர் எந்நாட்டில் இருக்கின்றார் என்பதும் ஆடுகின்றவருக்குத் தெரியாது. ஓர் உண்மையைப் பலர் அறியார்: 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பந்தயமாகச் செய்யப்படும் உடன்பாடு செல்லாது என்று 31ஆம் பிரிவில் கூறுகின்றது. ஆகவே, திருட்டுத்தனமான இணையச் சூதில் ஒருவர் பல்லாயிரம் வெள்ளி வென்றாலும், எதிரி தர மறுத்தால் அவர் எந்த நீதிமன்றத்தின் படியையும் ஏற முடியாது. தோற்றால் இழப்பு மெய். வென்றால் வெற்றி வெறும் வாக்கு.

எனினும், சட்டத்தைக் கொண்டு மட்டும் அறத்தை அளந்துவிட இயலாது. தமிழ்நாட்டைப் பாருங்கள். பரிசுச் சீட்டு விற்பனை அங்கே 2003ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் அரசே சீட்டு விற்றது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022ஆம் ஆண்டில் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி, அவற்றுக்கு அத்தடை பொருந்தாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய ஒன்றிய அரசு, திறமையாயினும் நற்பேறாயினும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டு வந்தது. நேற்றுக் குற்றம் இன்று தொழில். இன்று தொழில் நாளை குற்றம். இவ்வாறு அலையும் துலாக்கோலில் நம் பிள்ளைகளின் ஒழுக்கத்தை நிறுத்துப் பார்ப்பது தகுமா? ஆதலால் நாம் சட்டத்தைக் கடந்து சிந்திக்க வேண்டியவர்களாகின்றோம்.

முதலில் அறிவின் வழியே செல்வோம். “நுணுக்கம் தெரிந்தவன் வெல்வான்” என்பது ஆட்டக்காரரின் முதல் நம்பிக்கை. நான்கு இலக்க எண்களை எடுத்துக்கொள்வோம். 0000 தொடங்கி 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒவ்வொன்றின்மீதும் ஒரு வெள்ளி வைத்து அனைத்தையும் ஒருவரே வாங்குவதாகக் கொள்வோம். பெரிய வகைப் பந்தயத்தில் முதற்பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்தும் சேர்ந்து 1,800, ஆறுதல் பரிசு பத்தும் சேர்ந்து 600. ஆக மொத்தம் 6,400 வெள்ளி. எல்லாப் பரிசையும் தாமே வென்றவர், 10,000 கொடுத்து 6,400 பெறுகின்றார்! உலகிலேயே பெரிய நற்பேறு உடையவருக்கும் 3,600 வெள்ளி நட்டம். இதில் நுணுக்கம் எங்கே நுழையும்?

வாரம் மூன்று குலுக்கல் வீதம் ஆண்டுக்கு 156 முறை ஒருவர் ஒரே எண்ணை வாங்கி வருகின்றார் என்போம். சராசரிக் கணக்கின்படி முதற்பரிசு அவரை நாடி வர ஏறத்தாழ 64 ஆண்டுகள் ஆகும். 21 வயதில் தொடங்கியவர் 85 வயதில் 2,500 வெள்ளி பெறுவார்; அதற்குள் அவர் செலுத்தியது ஏறக்குறைய 10,000 வெள்ளி. இடையிடையே சிறு பரிசுகள் வரலாம். அவை வந்த பின்னரும் கணக்கு நட்டத்திலேயே முடியும்.

இணையத்தில் பரப்பப்படும் இன்னொரு வழி, தோற்கும்தோறும் பந்தயத்தை இரட்டிப்பாக்குவது. ஒரு முறை வென்றால் இழந்ததெல்லாம் மீளும் என்பர். பத்து வெள்ளியில் தொடங்கி ஏழு முறை தோற்றவர் 1,270 வெள்ளி இழந்திருப்பார். எட்டாம் பந்தயத்திற்கு 1,280 வெள்ளி வேண்டும். நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700 வெள்ளி. அதை வைத்து ஆடியவர் கையில் எஞ்சியிருப்பது 430 வெள்ளிதான். எட்டாம் பந்தயத்தில் வென்றாலும் அவருக்குக் கிடைக்கும் நிகர ஆதாயம் பத்தே வெள்ளி. பத்து வெள்ளிக்காக ஒரு மாத உழைப்பைத் தீயில் இடுவதற்குப் பெயர் உத்தியா? “இத்தனை முறை வராதது இனி வந்தே தீரும்” என்பதும் மயக்கமே. 1913ஆம் ஆண்டில் மாண்டி கார்லோ சூதாட்ட மனையில் சுழற்சக்கரத்தின் பந்து கறுப்பிலேயே தொடர்ந்து 26 முறை விழுந்தது. ‘இனிச் சிவப்பே வரும்’ என்று நம்பியவர்கள் பெரும்பொருள் இழந்தனர். சக்கரத்திற்கு நினைவாற்றல் இல்லை. நினைவும் ஏக்கமும் ஆடுகின்றவருக்கே உரியவை.

அடுத்து, வாழ்க்கையே ஒரு சூதுதானே என்பாரும் உளர். உழவன் மழையை நம்பி விதைக்கின்றான்; வணிகன் விலையை நம்பி வாங்குகின்றான்; அவர்களும் இடரை ஏற்கின்றனரே என்பர். உண்மைதான். ஆயினும் உழவன் வென்றால் ஊருக்கு நெல் கிடைக்கும். தோற்றாலும் அவன் தோல்வியால் எவரும் கொழுப்பதில்லை. சூதிலோ ஒரு மணி நெல்லும் விளைவதில்லை. ஒருவன் பெறுவதெல்லாம் பிறன் இழந்ததே. நூறு பேர் வீட்டு அரிசிப் பானையிலிருந்து எடுத்து ஒருவன் பானையை நிரப்பும் செயல் அது. இடையில் கடைக்காரன் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கின்றான். இடரை ஏற்பது ஆண்மையாகலாம். ஆனால் எதன் பொருட்டு ஏற்கின்றோம் என்பதில்தான் அறம் இருக்கின்றது.

இங்கே ஏழையின் சார்பில் எழும் ஒரு மறுப்பையும் நேர்மையோடு கேட்க வேண்டும். “தோட்டத்தை விற்றார்கள், எங்களை வெளியேற்றினார்கள். நிலமில்லை, சேமிப்பில்லை. இரண்டு வெள்ளிக்கு ஓர் எண் எடுத்தால், மூன்று நாளைக்கு ஒரு கனவு கிடைக்கின்றது. அதையும் பறிக்க வருகின்றீர்களா?” என்று அவர் கேட்கலாம். இது வெறும் சாக்கு அன்று. நெஞ்சைத் தொடும் கேள்வி. கதவுகள் அடைக்கப்பட்டவன் சுவரில் கதவு வரைந்து பார்க்கின்றான். அவனை இகழ்வோர், அடைத்த கதவுகளைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள். எனினும், அந்தக் கனவை விற்பவன் அவனுக்கு நண்பனல்லன். நம்பிக்கையைக் கொடுப்பவன் வேறு. நம்பிக்கையைக் காசாக்குபவன் வேறு. அன்றியும், அக்கனவு மனத்தை எங்கே கொண்டு செல்கின்றது என்பதையும் காண்க. சாலையில் கார் கவிழ்ந்து கிடக்க, உள்ளிருப்பவர் உயிரோடு இருக்கின்றாரா என்று பார்ப்பதற்கு முன்பே அதன் எண்பலகையைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டன்றோ? பிறன் சாவு நமக்கு நான்கு இலக்கமாகத் தோன்றும் நாளில், இழந்தது பணம் மட்டுமன்று.

இனி, தொடக்கத்தில் கண்ட வினாவுக்கு வருவோம். “என் பணம், என் விருப்பம்.” இதற்கு விடை நம் இதிகாசத்திலேயே இருக்கின்றது. அத்தினாபுரத்து அவைக்கு அழைக்கப்பட்ட பாஞ்சாலி முதலில் அழவில்லை. ஒரு வினாவை எழுப்பினாள். மன்னர் தம்மை முதலில் தோற்றாரா, அன்றி என்னை முதலில் தோற்றாரா என்பதே அது. தன்னை இழந்துவிட்டவனுக்குப் பிறரைப் பணயம் வைக்க உரிமை ஏது? அறம் அறிந்த பீட்டுமரும் அதற்குத் தெளிவான விடை கூற இயலாமல் தடுமாறினார். அவ்வினா இன்னும் அந்த அவையிலேயே நின்றுகொண்டிருக்கின்றது.

முதல் பந்தயத்தை வைக்கும்போது மனிதன் தன் வயத்தில் இருக்கின்றான் என்பதை ஒப்புக்கொள்வோம். நூறாம் பந்தயத்தை வைப்பவன் யார்? எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே கிடைக்கும் பரிசே உயிர்களை விடாப்பிடியாகப் பிணிக்கும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு காட்டினார். கைப்பேசிச் சூதாட்டம் இந்த விதியின்மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் சூதாட்டப் பழக்கத்தை, போதைப் பழக்கத்தோடு ஒரே வகையில் சேர்த்தது. வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என்னும் அதிகாரத்தை அடுத்துச் ‘சூது’ என்னும் அதிகாரத்தையும், அதனை அடுத்து ‘மருந்து’ என்னும் அதிகாரத்தையும் வைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. ஆக, நள்ளிரவில் ஆலோங்கிடம் கடன் வாங்கி ஆடுகின்றவன் ‘என் விருப்பம்’ என்று கூறும்போது, அந்த ‘என்’ ஏற்கெனவே தோற்கப்பட்டுவிட்டது. தன்னைத் தோற்ற பின்னர் அவன் வைப்பதெல்லாம் பிறர் பொருளே: மனைவியின் தாலிக்கொடி, மகளின் கல்விச் சேமிப்பு, தாயின் மருந்துச் செலவு. கடன்காரன் கதவில் சாயத்தை வீசும்போது அது அவன்மேல் மட்டும் விழுவதில்லை.

நளன் கதையைக் காட்டி, தோற்றவன் மீண்டும் ஆடி மீட்கவில்லையா என்று கேட்பவர் உண்டு. நாட்டையெல்லாம் தோற்ற நளன், தமயந்தியைப் பணயமாக வைக்கக் கேட்டபோது எழுந்துவிட்டான். எழுந்திருக்கத் தெரிந்ததே அவன் பிற்காலத்தில் மீண்டதற்குக் காரணம். அவனுக்கு எதிரே இருந்தவனும் புட்கரன் என்னும் மனிதன். பங்கை முன்னரே எடுத்துக்கொண்ட இயந்திரமன்று.

பள்ளி நிதிக்கு நாம் விற்கும் அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டும் சூதுதானே என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. நன்கொடை என்று எண்ணிக் கொடுப்பவர் பரிசு வராததற்கு வருந்துவதில்லை. இழப்பை மீட்க மறுநாள் கடன் வாங்கி வருவதுமில்லை. வேறுபாடு அங்கே இருக்கின்றது. ஆயினும் கோடு மெல்லியது. மாணவர் கையில் சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பரிசின் பெருமையைக் கூறி விற்று வரச் சொல்வதைவிட, பள்ளியின் தேவையைக் கூறி நேரே நன்கொடை கேட்பதே ஆசிரியர்க்கு அழகு.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. நான்கு இலக்கக் கணக்கை ஆறாம் ஆண்டு மாணவனும் போட்டுப் பார்க்க முடியும். அதைக் கணித வகுப்பிலேயே கற்பிப்போம். பத்தாயிரம் ஏன் ஆறாயிரத்து நானூறாகின்றது என்பதைத் தானே கண்டறிந்த பிள்ளையை எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஆடி வீழ்ந்தவரை ஊர் நகைக்கப் பேசாமல், நோயுற்றவரைப் போல் நடத்துவோம். வெட்கம்தான் அவரை ஆலோங்கிடம் துரத்துகின்றது. அவர் கடனை உறவினர் அடைக்க முன்வந்தால், சம்பளத்தை இல்லத்தரசியின் பொறுப்பில் விட அவர் இசைந்த பின்னரே அடைப்பது நலம். ஆலயக் குழுவினரும் சங்கத்தினரும், நிலமும் தொழிலும் இழந்த நம் குடும்பங்களுக்கு மெய்யான கதவுகளைத் திறக்க முயல வேண்டும். கூட்டுறவுச் சேமிப்பும் கைத்தொழிற் பயிற்சியும் அவ்வகைக் கதவுகளே.

“என் பணம்” என்று கூறுகின்ற நண்பரிடம் நாம் பணத்தைப் பற்றி வாதிட வேண்டியதில்லை. பாஞ்சாலி கேட்டதையே பணிவோடு கேட்போம்: ஐயா, பணத்தை வைக்கும் முன், நீங்கள் இன்னும் உங்களிடம் இருக்கின்றீர்களா?