அப்பாவின் பிரேக்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதில் ஒன்றை நெருங்கும்போது அப்பாவின் அம்பாசிடர் என் பேச்சைக் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது, வேகம் பேருக்குத்தான் குறைந்தது. லைனிங் கருகும் நாற்றம். முன்னால் ஒரு பைக். ஓட்டுபவர், பின்னால் மனைவி, நடுவில் ஒரு சின்னப் பெண். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசி ஒருவழியாக நிறுத்தினேன். சத்தம் கேட்டு அந்தக் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அதற்கு ஒன்றும் தெரியாது.

1971 மாடல் வண்டி, மார்க் 2. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அப்பா போனபிறகு ஷெட் அண்ணன் பலமுறை சொல்லியிருந்தார்: "தம்பி, பின்னாடி வந்த அம்பாசிடர்லயே முன்னாடிக்கு டிஸ்க் வந்துருச்சு. அதையே எடுத்துப் போட்டுரலாம்." நான் மறுத்தேன். அப்பா தொட்டது எதையும் மாற்றக் கூடாது என்று பிடிவாதம். ஒரிஜினல் என்ற சொல்லுக்கு நான் மனசுக்குள் ஒரு கோயிலே கட்டி வைத்திருந்தேன்.

தீசியஸின் கப்பல் பற்றிப் படித்திருப்பீர்கள். ஏதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலின் இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள், கடைசியில் அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டார்கள் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்தப் புதிரில் கப்பலைப் பற்றி மட்டும்தான் கேள்வி. அதில் ஏறிக் கடலில் போகும் ஆட்களை நினைத்தால் முதல் கேள்வி வேறாக இருக்கும்.

என் வண்டி ஷெட்டுக்குள் நிற்கும்வரை அதன் ஒரிஜினல்தன்மை என் சொந்த விஷயம். சாலைக்கு வந்துவிட்டால் அப்படி இல்லை. பைக்கில் போன அந்த மூன்று பேரும் என் அப்பாவைப் பார்த்ததில்லை. என் ஞாபகத்தைக் காப்பாற்றும் செலவை அவர்கள் தலையில் கட்ட எனக்கு யார் உரிமை கொடுத்தது?

இதற்கு ஒரு எதிர்க்கேள்வி உண்டு. அப்படிப் பார்த்தால் எங்கே நிறுத்துவது? ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. பழைய வண்டி எல்லாவற்றையும் காயலான் கடைக்கு அனுப்பிவிடலாமா? இந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"அப்பா இருந்தா உன்னைத் திட்டித் தீர்த்திருப்பாரு" என்றாள்.

"டிரம்மை மாத்தாம வச்சிருந்ததுக்கா?"

"இல்லடா. நீ இறங்கின வேகத்துக்கு."

அப்பா அந்த மலையை இரண்டாவது கியரில்தான் இறங்குவார். பாதி வழியில் ஓரம்கட்டி டீ குடிப்பார். டீ ஒரு சாக்குதான், டிரம் ஆற வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சுமார் 1300 கிலோ வண்டி 1200 மீட்டர் உயரம் இறங்குகிறது. எஞ்சின் பங்கு போட்டுக்கொள்ளாவிட்டால் அந்தச் சக்தியில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகும். 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவைவிட்டு விலகும், லைனிங்கும் பிடிமானத்தை இழக்கும். டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. டீ குடிக்கத் தெரியும்.

அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் பாகங்களை எல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டு, அப்பாவின் பழக்கத்தைத் தூக்கிப் போட்டிருந்தேன். பிரேக்கை மாற்றுவதற்கு ரொம்ப முன்னாலேயே நான் அந்த வண்டியை மாற்றிவிட்டேன்.

டிஸ்க் போட முடிவு செய்தேன். உடனே நண்பன் வந்தான். "அப்படியே 17 இன்ச் அலாய் போட்டுருடா, கெத்தா இருக்கும்." ஆசை இல்லாமல் இல்லை. பெரிய டிஸ்க் போட்டால் பெரிய வீல் தேவைப்படும் என்பதும் உண்மை. ஆனால் டயரோடு சேர்த்து வெளிச்சுற்று பெரிதானால், அதே பிரேக் சாலையில் கொடுக்கும் பிடி குறையும், ஸ்பீடாமீட்டரும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பிரேக்கில் சம்பாதித்ததை வீலில் தொலைக்கலாம். ஷெட் அண்ணன் அளந்து பார்த்தார். அவர் சொன்ன டிஸ்க் பழைய 15 இன்ச் வீலுக்குள்ளேயே அடங்கியது. அலாய் எனக்காக, டிஸ்க் மற்றவர்களுக்காக. இந்த வித்தியாசம் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. என் வண்டிக்குப் பொருந்தியது.

ஆனாலும் நிம்மதியாக முடித்துவிட முடியவில்லை. 1980களில் மியூனிக் நகரில் டாக்சிகளில் பாதிக்கு ஏபிஎஸ் பொருத்தி ஆராய்ந்தார்கள். விபத்து எதிர்பார்த்தபடி குறையவில்லை. நல்ல பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டும் விதமே மாறியிருந்தது. அப்படியென்றால் நான் வாங்கிய டிஸ்க் அந்தக் குழந்தைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதை உத்தரவாதமாக மாற்ற வேண்டியது என் வலது கால்தான்.

போன மாதம் டிஸ்க் பிரேக்கோடு அதே மலையில் இறங்கினேன். பெடல் கல் மாதிரி நின்றது. முதல் சில வளைவுகளில் கால் தானாகவே ஆக்ஸிலேட்டருக்குப் போனதைக் கவனித்தேன். இரண்டாவது கியருக்கு மாற்றினேன். பாதி வழியில் ஓரம்கட்டி, தேவையே இல்லாமல் ஒரு டீ குடித்தேன். கழற்றிய டிரம்கள் பரணில் இருக்கின்றன. அவற்றைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.