பீடமும் வாக்குச் சீட்டும்



தேர்தல் காலம் வந்தால் நம் ஜவ்வாது மலையில் ஒரு கேள்வி எழும்பும்: "சாமி, யாருக்கு ஓட்டுப் போடலாம்?" கேட்கிறவர்களுடைய நம்பிக்கை பெரிது. அது பெரிதாயிருப்பதினாலேயே குருவானவர் அதற்குப் பெயர் சொல்லிப் பதில் கூறலாகாது.

1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123-ம் பிரிவில், மதத்தின் பேரால் வாக்குக் கேட்பதை ஊழல் என்கிறது. இன்னாருக்கு வாக்களியாவிட்டால் தெய்வ கோபம் வருமென்று பயமுறுத்துவதையும் அப்படியே விலக்குகிறது. நம் மலையில் இதைச் "சாமி குத்தம்" என்போம். அந்தப் பயம் எவ்வளவு பலமுள்ளதென்று நீங்களே அறிவீர்கள்.

1957-ல் அன்றைய பஞ்சாபின் சிர்சாத் தொகுதியில் நாம்தாரி சீக்கியரின் குரு, ஒரு வேட்பாளருக்கு வாக்களிக்கும்படி தம் சீடர்களுக்குக் கட்டளையிட்டார். 1959-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாதென்றது. மதத் தலைவர் தம் அபிப்பிராயத்தைச் சொல்லலாம். ஆனால் மீறினால் தெய்வ கோபம் என்று சீடனைக் கட்டிப்போடலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நம்மவர்க்கும் பாடமுண்டு. 2004-ல் கேரளத்தின் மூவாற்றுப்புழையில் பி. சி. தாமஸ் வெற்றி பெற்றார். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், அன்னை தெரசா ஆகியோரின் படங்களைக் காட்டி வாக்குக் கேட்டதாக வழக்கு எழுந்தது. 2006-ல் உயர் நீதிமன்றம் அத்தேர்தலை ரத்துச் செய்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

கோவில் கட்டடத்திற்கும் காவலுண்டு. அதை அரசியல் காரியத்திற்குப் பயன்படுத்துவதை 1988-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. திருச்சபையோ தன் குருக்களை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அவர்கள் ஆட்சிப் பதவி ஏற்பதை விலக்குகிறது. கட்சிகளில் முனைந்து ஈடுபடுவதையும் பொதுவாகத் தடுக்கிறது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? நற்கருணை வாங்க அண்ணனும் தம்பியும் அருகருகே முழந்தாளிடுகிறார்கள். ஒருவன் ஒரு கட்சி, மற்றவன் வேறு கட்சி. பீடம் ஒரு கட்சியின் மேடையானால், மற்றவன் எங்கே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வான்?

அப்படியானால் குருவானவர் ஊமையாயிருக்க வேண்டுமோ? இல்லை. வாக்கைப் பணத்திற்கு விற்பது பாவமென்று பிரசங்கத்தில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைவாசிகளுக்குத் தரும் உரிமையைப் பற்றியும், பாதை, பள்ளி, வைத்தியம் ஆகியவை பற்றியும் பேசலாம். வேட்பாளரின் நடத்தையை நிறுத்துப் பாருங்கள் என்று புத்தி சொல்லலாம். நிறுத்துப் பார்க்கிற தராசு உங்களுடைய மனச்சாட்சியே.

வரி கொடுப்பதைப் பற்றிக் கேட்டவர்களிடம் சேசுநாதர் நாணயத்தைக் காட்டச் சொன்னார். அதில் இருந்தது செசாருடைய உருவம். உங்கள் ஆத்துமத்தில் இருப்பதோ சர்வேசுரனுடைய சாயல். அதை நூறு ரூபாய்க்கும் விற்காதீர்கள்; சாமியார் சொன்னாரென்று அவர் கையிலும் ஒப்படைக்காதீர்கள். செபித்து, யோசித்து, பயமின்றி வாக்களியுங்கள்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு