மஞ்சளாகத் தெரிந்த வெள்ளை

1

விளக்கு வைத்த பிறகு கம்ப்யூட்டரைப் போட்டேன். 2009ல் வாங்கியது. கோர் 2 டூயோ, 2 ஜிபி ரேம். திரையில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. மானிட்டருக்கு வயதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். அப்படியானால் மஞ்சள் புதிதாக வந்து சேரவில்லை. நீலம் வரவில்லை, அவ்வளவுதான்.

மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் மெனுவை வரவழைத்தேன். அந்த மெனுவை மானிட்டர் தானே வரைகிறது, கம்ப்யூட்டர் அனுப்புவதில்லை. அதில் இருந்த நீலம் நீலமாகவே இருந்தது. திரையில் குறை இல்லை. நீலம் வழியில் எங்கோ நிற்கிறது.

2

கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு விஜிஏ கேபிளைக் கழற்றினேன். 1987ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த வடிவம் இது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் 15 இடங்கள். எண்ணிப் பார்த்தால் 14 ஊசிகள்தான் இருந்தன. நெஞ்சு ஒரு கணம் திக்கென்றது. ஆனால் காணாமல் போனது 9ஆம் ஊசி. பல கேபிள்களில் அதை வைத்தே செய்வதில்லை. இல்லாதது எல்லாம் இழந்தது ஆகாது.

முதல் மூன்று ஊசிகளில்தான் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வருகின்றன. மூன்றாவது ஊசி சாய்ந்து கிடந்தது. மேசையை நகர்த்தியபோது இழுபட்டிருக்க வேண்டும். சிறு இடுக்கியால் மெல்ல நிமிர்த்தினேன். திரும்ப மாட்டி, இரு பக்கத் திருகையும் முடுக்கினேன். வெள்ளை திரும்பி வந்தது.

3

அண்ணன் மகன் மொபைலில் எடுத்து அனுப்பிய வீடியோ. குரல் தடையில்லாமல் ஓடுகிறது; படம் நின்று நின்று வருகிறது. கடையில் கேட்டபோது, “சிஸ்டம் பழசு சார், ஸ்ட்ரக் ஆகத்தான் செய்யும்” என்றார்கள். உண்மைதான். ஆனால் எது பழசு, எதற்குப் பழசு என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். எச்.265. அது வீடியோவைச் சுருக்கி வைக்க 2013ல் வந்த முறை. அதற்கு முந்தைய எச்.264 வந்தது 2003ல். புது முறை அதே படத்தைக் குறைந்த இடத்தில் மடித்து வைக்கிறது. விரிப்பதற்குக் கணக்கு அதிகம் போட வேண்டும். இன்றைய கருவிகளில் அந்த வேலைக்கென்றே தனிச் சுற்று உண்டு. இந்தக் கம்ப்யூட்டர் பிறந்தபோது அந்த முறையே இல்லை. ஆகவே எல்லாக் கணக்கையும் பிராசஸரே போடுகிறது. ஒரு முழு எச்டி படத்தில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 25 படம் என்றால் 5 கோடியே 18 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

குரல் ஏன் தடைப்படவில்லை என்பதும் புரிந்தது. பிளேயர்கள் பெரும்பாலும் ஒலியைக் கடிகாரமாக வைத்து ஓடுகின்றன. நேரத்துக்கு வந்து சேராத படத்தை விட்டுவிடுகின்றன. கண் விட்டதை மனம் இட்டு நிரப்பிக்கொள்ளும். காது அப்படி விடாது. சிறு இடைவெளியும் அதில் உறுத்தும்.

4

இன்னொரு வீடியோ, எச்.264தான். பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறியது. கோப்பில் குறை இருந்தால் ஒரே இடத்தில்தான் திணற வேண்டும். நடுவிலிருந்து போட்டாலும் பத்து நிமிடம் கழித்தே திணறியது. அப்படியானால் இது கோப்பின் குறை அல்ல, சூட்டின் குறை. பிராசஸர் கொதித்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மூடியைத் திறந்தேன். ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தூசி பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. தூரிகையால் தட்டி எடுத்தேன். காய்ந்து பொடியாகிப்போன தெர்மல் பேஸ்டைத் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். அன்று ஒரு முழுப் படமும் நிற்காமல் ஓடியது.

5

தங்கையின் கல்யாண டிவிடி. பந்தியில் அப்பா பரிமாறிக்கொண்டு போகிறார். இலை தெளிவாக இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவர் தெளிவாக இருக்கிறார். அசைகிற அப்பாவின் கை மட்டும் சீப்பின் பற்கள்போல் வரிவரியாகக் கிழிந்து தெரிகிறது.

டிவிடி தட்டைத் துடைத்தேன். டிரைவரைப் புதுப்பித்தேன். ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் எதிலும் பழுது இல்லை. அந்தப் படம் பழைய டியூப் டிவிக்காக எடுத்தது. அந்த டிவி ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் வரையும். நொடிக்கு 50 அரைப்படங்கள். கம்ப்யூட்டர் திரை இரண்டு அரையையும் ஒன்றாகக் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே கை நகர்ந்திருக்கிறது. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேர இடைவெளிதான் அந்தப் பற்கள்.

விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டேன். கை ஒன்றுசேர்ந்தது. அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தேன்.

6

இத்தனை மாலைகளில் நான் கைக்கொண்ட ஒழுக்கம் ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. கேபிளையும் டிரைவரையும் சேர்த்து மாற்றினால் சரியாகலாம். எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி இருட்டில்தான் தொடங்க வேண்டும்.

திரையில் கோடு விழுந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மொபைலுக்கு அனுப்பிப் பார்ப்பேன். அதிலும் கோடு இருந்தால் பழுது கம்ப்யூட்டருக்குள். இல்லாவிட்டால் கேபிளிலோ மானிட்டரிலோ தேடுவேன். பழுது தெரிகிற இடம் ஒன்று, இருக்கிற இடம் வேறு.

7

அண்ணன் மகனின் எச்.265 வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு, எச்.264 ஆகவும் 720 வரிகளாகவும் மாற்ற விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். விடியும்போது முடிந்திருந்தது. இப்போது தடங்கலின்றி ஓடுகிறது. தன்னால் முடிகிற அளவுக்குக் கொடுத்தால், இந்தக் கம்ப்யூட்டர் இன்னும் உழைக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் மூலையில் இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள். கேபிளைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். தூசியைத் துடையுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.